ஏழாவது பேர்

காந்தாவுக்குப் பயம் கூடப் பிறந்தது. பால் பொங்கி வழிந்தால் என்ன வரப்போகிறதோ என்று பயம், பொங்காமல் கிடந்தால் திரிந்துவிட்டதோ என்று பயம். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் எட்டிப் பார்ப்பாள். இப்படிப்பட்டவளைத் தேடிப் பிடித்து, எழுபத்து மூன்றாம் வருஷம், பழவேற்காடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக உட்கார வைத்தது சர்க்கார். ஊருக்கு வருகிற நல்லது கெட்டதெல்லாம் முதலில் அவள் காதில் விழுந்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போகும். தலையெழுத்து என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

எக்ஸ்சேஞ்ச் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். தபாலாபீசுக்குப் பின்பக்கம் ஓர் அறை, அதில் பீரோ உயரத்துக்கு ஒரு போர்டு, போர்டில் இருபத்தைந்து துளை. டெலிபோன் வைத்திருந்தவர்கள் பத்தொன்பது பேர்தான். யார் வீட்டில் கைப்பிடியைச் சுற்றினாலும் அவர்கள் துளைக்கு மேலிருக்கும் சின்ன மூடி டொக்கென்று விழும். காந்தா ஒரு கயிற்றை எடுத்து அந்தத் துளையில் சொருகி, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, "நம்பர் ப்ளீஸ்" என்பாள்.

நம்பர் சொன்ன மனிதர் ஒருவர்கூட அந்த ஊரில் கிடையாது. "நம்பரா? ஐஸ் பேக்டரியப் போடும்மா" என்பார்கள். "டாக்டரம்மா" என்பார்கள். "பஷீர் பாய் கீறாரா பாரு" என்பார்கள். மெட்ராசிலிருந்து வந்த மெக்கானிக் துளைகளுக்குக் கீழே அழகாக ஒன்று, இரண்டு என்று பெயிண்டில் எழுதிவிட்டுப் போயிருந்தார். காந்தா அதன் மேலேயே காகிதத் துண்டுகளை ஒட்டிப் பேர் எழுதிக்கொண்டாள். பேர் இருந்தால் மட்டும் போதாது, ஆள் எங்கே என்பதும் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் பஷீர் பாய் தம்பி கடையில்தான் உட்காருவார். டாக்டரம்மா மத்தியானம் குவார்ட்டர்ஸில் இருக்கமாட்டாள். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. காந்தாவின் தலைக்குள் இருந்தது, தப்பாகிவிடுமோ என்கிற பயத்தோடு சேர்ந்து இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஐஸ் பேக்டரி முதலாளியின் சம்சாரத்தைப் போலீஸ் ஸ்டேஷனோடு சேர்த்துவிட்டாள். அந்தம்மாள் அண்ணன் என்று நினைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் மாமியாரைப் பற்றி முழு மூச்சில் புலம்பித் தீர்த்தாள். அன்று முதல் காந்தா கயிற்றைச் சொருகுமுன் இரண்டு தடவை பார்ப்பாள்.

வெளியுலகத்துக்கு இருந்தது ஒரே ஒரு கம்பி. அது பொன்னேரிக்குப் போகும். பொன்னேரி போர்டில் மனோரமா இருப்பாள். அங்கேயிருந்து மெட்ராஸ், மெட்ராசிலிருந்து எங்கே வேண்டுமானாலும். எத்தனை ஊர் தாண்டுகிறதோ அத்தனைக்குக் குரல் மெலியும். ரொம்ப மெலிந்துவிட்டால் நடுவில் இருக்கிற ஆபரேட்டர்களே ஒருவர் சொன்னதை அடுத்தவருக்குத் திருப்பிச் சொல்லிச் சமாளிப்பார்கள்.

காந்தாவின் புருஷன் தாமோதரன் அவளுக்கு அத்தை மகன், கடலில் லாஞ்சு ஓட்டுகிறவன். அஞ்சாங்கிளாசோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எஸ்.எஸ்.எல்.சி. படித்து ஆபீஸ் போகிறவளைக் கட்டினானே என்று ஊர் கேலி பேசியபோது, "நான் வலை வுடறேன், அவ ஒயரு வுடறா, ரெண்டுலயும் மாட்றது மாட்டும்" என்று சிரித்துவிட்டுப் போனான். அவனை அவள் மாமா என்று கூப்பிடுவாள். ரேஷன் கார்டில், மனுவில், எங்கே வேண்டுமானாலும் அவன் பேரை எழுதுவாள். வாயால் சொன்னதில்லை. புருஷன் பேரைப் பெண்டாட்டி வாய்விட்டுச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கடலுக்குப் போகிறவன் ஆயுசில் யார்தான் விளையாடுவார்கள்?

ஆனால் மற்ற பெண்களிடம் காந்தா காட்டிய அதிகாரத்தைப் பார்க்க வேண்டுமே! குறிப்பிட்ட ஆளைக் கூப்பிட்டுப் பேசுகிற பி.பி. கால் போட வேண்டுமென்றால் அந்த ஆளின் பேர் வேண்டும். ஒரு நாள் இருசம்மாள் வந்தாள், காசிமேட்டு ஏலக் கடைக்கு மீன் கொண்டுபோயிருந்த புருஷனோடு பேச.

"பேரு இன்னா?" என்றாள் காந்தா.

இருசம்மாள் சுவரைப் பார்த்தாள். "அதான், நம்ம குப்பம்மாவோட சின்ன மாமனாரு பேரு."

"குப்பம்மா மாமனாருக்கு நாலு தம்பி. மெட்ராஸ்காரி கேட்டா குப்பம்மாவோட சின்ன மாமனாருன்னா சொல்லச் சொல்றே?"

"உனுக்குத் தெரியாதா இன்னா? தெரிஞ்சிக்கினே கேக்கறே."

"சட்டம்னு ஒண்ணு கீது. நீதான் சொல்லணும். பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னா, நான் தெனமும் நூறு பேரு சொல்றேன், இந்த ஊர்ல ஒருத்தரும் மிஞ்சியிருக்கக் கூடாது." அறைக்கு வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் குப்பம்மாதான் "தேசப்பன்னு எழுதிக்கோ, வுடு அவள" என்று காப்பாற்றினாள். இருசம்மாளுக்கு முகம் சிவந்துபோயிற்று. காந்தாவுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட.

எழுபதுகள் முடியப்போகிற சமயத்தில் ஒரு வைகாசி. வெள்ளிக்கிழமை விடியற்காலை தாமோதரன் லாஞ்சில் ஏழு பேர் போனார்கள். சனிக்கிழமை மத்தியானம் தெற்கிலிருந்து காற்று எழுந்தது. ஞாயிறு முழுக்க ஊர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூரை பறந்தது, தென்னை சாய்ந்தது, பொன்னேரிக் கம்பியும் அறுந்தது. அறுந்த கம்பி என்று தெரிந்தும் காந்தா ஹெட்போனை மாட்டிக்கொண்டு போர்டு முன்னாலேயே இருந்தாள். காதில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததை இரண்டு நாள் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை லைன்மேன்கள் கம்பியை இழுத்துக் கட்டினார்கள். முதலில் வந்தது மனோரமாவின் குரல். கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒரு சீட்டோடு வந்தார். வயர்லெஸ்ஸில் வந்த சேதி. கூடூருக்குக் கிழக்கே, ஆந்திராக் கரையில், தாலுகா ஆபீசை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் பழவேற்காட்டு லாஞ்சுக்காரர்களைத் தங்க வைத்திருக்கிறார்கள். ஆறு பேர். பேர் விவரம் இல்லை.

ஏழு பேர் போனார்கள், ஆறு பேர் இருக்கிறார்கள். கணக்குத் தெரியாத குழந்தைக்கும் புரியும். சேதி கேட்ட அரை மணி நேரத்துக்குள் ஏழு வீட்டுப் பெண்களில் ஆறு பேர் தபாலாபீஸ் வாசலில் நின்றார்கள். ஏழாமவள் உள்ளே போர்டில் இருந்தாள். யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. தன் புருஷன் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டால் பக்கத்தில் நிற்பவள் புருஷன் இருக்கக் கூடாது என்று ஆகிறதே, அதை எந்தச் சாமியிடம் எப்படிக் கேட்பது?

போஸ்ட்மாஸ்டர் அப்துல் லத்தீப் நல்ல மனிதர், கத்தாமல் பேசத் தெரியாதவர். "போடும்மா கூடூருக்கு! எந்த ரேட்டா இருந்தாலும் போடு!" என்றார். காந்தா மனோரமாவைக் கேட்டாள். மனோரமா மெட்ராசைக் கேட்டாள். மெட்ராசுக்கும் கூடூருக்கும் நடுவில் நூற்றுக்கணக்கில் கம்பம் விழுந்து கிடக்கிறது, ஒரு வாரம் ஆகும் என்று பதில் வந்தது.

காந்தா கையைப் பிசைந்தாள். பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. பஷீர் பாயின் மகளைச் சித்தூரில் கொடுத்திருந்தார்கள். மாசம் இரண்டு தடவை அந்தக் கால் வேலூர் வழியாகப் போகும். ஒரு தடவை சித்தூர் ஆபரேட்டர், நெல்லூர் அரிசி மண்டிக்காரர்கள் லைனை விடவே மாட்டேன் என்கிறார்கள் என்று சலித்துக்கொண்டாள். அப்படியானால் சித்தூரிலிருந்து நெல்லூருக்குத் தனியாக ஒரு கம்பி இருக்கிறது. நெல்லூர் கூடூருக்கு வடக்கே. அந்தப் பக்கம் கம்பம் விழாமல் இருக்கலாம்.

புக்கிங் ஃபாரத்தின் பின்பக்கம் வரிசையாக எழுதினாள்: பொன்னேரி, மெட்ராஸ், வேலூர், சித்தூர், நெல்லூர், கூடூர். அங்கிருந்து தாலுகா ஆபீஸ். மனோரமாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"மூக்கைச் சுத்தித் தொடறியேடி" என்றாள் மனோரமா. "மெட்ராஸ்காரி திட்டுவா."

"திட்டினா திட்டட்டும்க்கா. கேட்டுப் பாருக்கா. ஒவ்வொருத்தரையா கெஞ்சு."

மனோரமா கெஞ்சினாள். மெட்ராஸ் திட்டிவிட்டு வேலூரைக் கேட்டது. ராத்திரிக்கு முன்னால் வாய்ப்பில்லை, கிடைத்தால் மூன்றே நிமிஷம் என்று பதில் வந்தது.

காந்தா ஜன்னல் வழியாகப் பேர்களை வாங்கி எழுதினாள். குப்பம்மா இருசம்மாளின் புருஷன் பேரைச் சொன்னாள், இருசம்மாள் குப்பம்மாவின் புருஷன் பேரைச் சொன்னாள். லாஞ்சின் இஞ்சின் பார்க்கும் மக்பூலின் பேரை, ஆமினா பீவிக்காக லத்தீப் சொன்னார். ஆறு பேர் எழுதியாயிற்று. ஏழாவதாக அவளே எழுதிக்கொண்டாள், தாமோதரன் என்று.

லத்தீப் சீட்டைப் பார்த்தார். "லைன் வந்ததும் என்னைக் கூப்பிடு. கடைசிப் பேர நான் சொல்லிடறேன்." அவருக்குச் சொல்லாமலே புரிந்திருந்தது.

ராத்திரி வரும் என்ற கால் சாயங்காலம் நாலரைக்கே வந்துவிட்டது. லத்தீப் அஸர் தொழுகைக்குப் போயிருந்தார். வெளியாட்கள் போர்டு அறைக்குள் வரக் கூடாது என்று சட்டம், அதைப் போட்டுக் கதவையும் சாத்தி வைத்திருந்தவள் காந்தாவேதான். பெண்கள் எல்லாரும் முன்பக்கம் நின்றார்கள். மூடி டொக்கென்று விழுந்தது.

"கூடூர் வந்திடுச்சிடி!" என்று மனோரமா கத்தினாள். "தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கு லைன்ல கீறாரு. சீக்கிரம் சொல்லு, நான் சொல்லி அனுப்பறேன்."

"தேசப்பன்."

மனோரமா சொன்னாள், தேசப்பன். மெட்ராஸ் சொன்னது, தேசப்பன். அப்புறம் வேலூர், சித்தூர், நெல்லூர், கூடூர். ஒவ்வொரு வாயாக அந்தப் பேர் தள்ளித் தள்ளிப் போய்த் தேய்ந்தது. அந்தக் கோடியில் கிளார்க் ஜன்னல் வழியாகப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் கத்துவார் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அதே வழியாகத் திரும்பி வந்தது, "உன்னாடு." இருக்கிறான்.

அங்கமுத்து. உன்னாடு. மக்பூல். உன்னாடு. தருமலிங்கம். உன்னாடு. ஏழுமலை. உன்னாடு. ஒவ்வொரு உன்னாடுக்கும் அவள் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். கோடு கூடக் கூட மிச்சமிருக்கும் இடம் குறைந்தது. ஆறாவது கன்னியப்பன். அவன் இல்லை என்று வந்துவிடாதா என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், நினைத்துவிட்டாள். அந்த நினைப்புக்காக அவள் பிற்பாடு எத்தனையோ நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"உன்னாடு."

ஆறும் முடிந்தது. அங்கே இருப்பதே ஆறு பேர்தான்.

"அடுத்தது சொல்லு" என்றாள் மனோரமா.

காந்தா வாயைத் திறந்தாள். "எங்க மாமா" என்றாள். "என் கொழுந்தன் பூபதியோட அண்ணன்."

"பேரு சொல்லுடி!"

அந்தப் பேர் கண்ணுக்கு முன்னால் சீட்டில் இருக்கிறது. சற்று முன்னால்தான் அவளே எழுதியது. அவர் உயிரோடு இருந்து, நான் சொல்லி, அதனாலேயே ஏதாவது ஆகிவிட்டால்? உதடு பிரிகிறது, சத்தம் வரவில்லை. கூடூர் கேட்டது, நெல்லூர் கேட்டது, "பேரேமி? பேரேமி?" என்று கேள்வி ஊர் ஊராக வந்து அவள் காதில் நின்றது. அவள் முழங்கையால் கதவைத் தட்டினாள். யாருக்கும் கேட்கவில்லை. அப்புறம் லைனில் ஒரு கரகரப்பு, ஒரு வெடிப்பு, அதோடு போயிற்று.

வெளியே வந்து ஆறு பேரையும் படித்தாள். வாசலில் எழுந்த சத்தம் அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது. இருசம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள்தான் முதலில் நிமிர்ந்து கேட்டாள்.

"உங்க ஊட்டுக்காரரு?"

"கேக்கல" என்றாள் காந்தா.

"ஏன்?"

"வாயில வரல."

இருசம்மாளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கள மட்டும் சட்டம் பேசிக் கொன்னியேடி! நீ சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா கேடு?" என்று கத்தினாள். கத்திக்கொண்டே எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மற்ற பெண்கள் சத்தத்தை அடக்கிக்கொண்டார்கள். ஆறு வீட்டிலும் அன்றைக்கு நல்ல சேதிக்குக்கூட யாரும் வெளியில் சந்தோஷப்படவில்லை, ஏழாவது வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்று.

லத்தீப் தொழுகை முடிந்து ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டார். மறுபடியும் லைன் கேட்டார்கள். மறுநாள் காலைதான் என்று வந்தது. அன்று ராத்திரி காந்தா வீட்டுக்குப் போகவில்லை. அவன் இல்லையென்றால் இன்னும் தனக்குத் தெரியாது, தெரியாதவரை இருக்கிறான் என்று ஒரு பக்கம் மனசு சொல்லிற்று. ஒரு பேர் கேட்டிருந்தால் முடிந்திருக்குமே, பாவி, என்று இன்னொரு பக்கம் குத்திற்று.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மூடி விழுந்தது. லத்தீப் இன்றைக்கு நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அவரே கதவைத் திறந்து வைத்திருந்தார். வாசலில், ஜன்னலில் எங்கும் தலைகள்.

"கூடூர் வந்திடுச்சி" என்றாள் மனோரமா.

லத்தீப் கையை நீட்டினார். "குடும்மா, நான் சொல்றேன்."

காந்தா ஹெட்போனைக் கழற்றப் போனாள், கழற்றவில்லை. இல்லை என்ற பதில் வந்தால் அது இவர் காதில் விழுந்து, இவர் முகத்தைப் பார்த்துத்தான் தனக்குத் தெரிய வேண்டுமா? சொன்னால் ஆயுசு குறையும் என்றார்கள். நேற்றுச் சொல்லாமல் இருந்தாளே, என்ன கூடிவிட்டது?

"தாமோதரன்" என்றாள்.

சத்தமாகத்தான் சொன்னாள். ஜன்னலில் யாரோ மூச்சை இழுத்தார்கள். மனோரமா சொன்னாள், தாமோதரன். மெட்ராஸ்காரி சொன்னாள். வேலூரில் ஒருத்தி, சித்தூரில் ஒருத்தி, நெல்லூர், கூடூர். முகம் தெரியாத ஆறு பேர் வாயில் அவள் புருஷன் பேர் போய்க்கொண்டே இருந்தது. அவள் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இரைச்சல். நீண்ட இரைச்சல். உன்னாடு வரவில்லை. இல்லை என்று சொல்லும் லேதுவும் வரவில்லை.

பிறகு மனோரமா மெதுவாகச் சொன்னாள், "இருடி. ஆளே வராராம்."

"யாரு?" என்று ஒரு குரல், நடுவில் யாரும் திருப்பிச் சொல்லாமல் நேராகவே, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. "யாரு பேசறது?"

"மாமா."

பதிலுக்கு இரைச்சல்தான் வந்தது. லைன் போய்விட்டதோ என்று அவள் பதறும்போது அவன் மூச்சு கேட்டது. அவன் அழுதுகொண்டிருந்தான். கல்யாணமாகி அவள் அவன் அழுது கேட்டதில்லை.

"நீ கீறியா?" என்றான். "காந்தா, நீ கீறியா?"

"நான் இருக்கேன் மாமா. நீங்கதான்... ஆறு பேருன்னு சொல்லிட்டாங்க."

"நான் கரையில லாஞ்சுக்குக் காவல் இருந்தேன். எண்ணும்போது இல்ல. நேத்து மத்தியானம்தான் இங்க வந்தேன்." இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினான். "சாயங்காலம் ஜன்னல்லேர்ந்து பேரு பேரா கூப்பிட்டாங்க. நம்ம ஊரு டெலிபோன்னு சொன்னாங்க. போர்டுல நீதானே உக்காந்திருப்பே, மொதல்ல என்னத்தான் கேப்பேன்னு எழுந்து நின்னேன். தேசப்பனக் கூப்பிட்டாங்க. அங்கமுத்துவக் கூப்பிட்டாங்க. எல்லாரையும் கூப்பிட்டாங்க. என்ன மட்டும் கூப்பிடல. அப்புறம் ஜன்னல சாத்திட்டாங்க."

காந்தா சீட்டில் கோடு விழாத ஏழாவது பேரைப் பார்த்தாள்.

"புயல்ல ஊடு இடிஞ்சி நீ போயிட்டேன்னு நெனச்சேன். வேற யாரோ போர்டுல உக்காந்துக்கினு படிக்கறாங்க, எனக்குன்னு கேக்க அங்க ஆளில்லன்னு நெனச்சேன். ராவெல்லாம் அப்படியே நெனச்சிக்கினு கெடந்தேன்."

"உங்க பேரு... வாயில வரல மாமா. அதான். வேற ஒண்ணும் இல்ல."

மறுபடியும் இரைச்சல். அதற்குள்ளிருந்து அவன் கேட்டான், "அப்போ இப்ப என் பேரச் சொன்னது யாரு?"

"நாந்தான்."

"நீயா?"

"நாந்தான் மாமா."

"எனக்குக் கேக்கலியே. கிளார்க்குதான் வந்து கூப்பிட்டாரு." மூக்கை உறிஞ்சினான். "இன்னொரு தபா சொல்லு."

மூன்று நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது. மனோரமா அதைச் சொல்லவில்லை, மெட்ராசும் சொல்லவில்லை. காந்தா மவுத்பீசை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு புருஷன் பேரைச் சொன்னாள். ஊர் ஊராக ஆறு ஆபரேட்டர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இந்தத் தடவை ஒருத்தரும் அதைத் திருப்பிச் சொல்லவில்லை.